மேல்மாடியில் ஒளித்த கந்தோர்

கொழும்பை விட்டுத் தொழிலை ஊருக்குக் கொண்டுவந்ததால் எனக்குக் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் நல்லதுதான். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, ஜன்னலால் கையை நீட்டினால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைத் தொடக்கூடிய ஓர் அலுவலக அறைக்கு, என் கந்தோருக்கு, மாதாமாதம் கொட்டிக் கொடுத்த வாடகை மிஞ்சியது. காலி வீதியில் பஸ்ஸுக்குள் நின்றபடியே கரைந்த காலையும் மாலையும் மிஞ்சின. பகல் சோற்றைச் சுடச்சுட வீட்டில் உண்டேன். லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்கு நடந்தே போய்வந்தேன். கொழும்பில் எவ்வளவு தேடியும் கிடைக்காத வேலையாட்கள், கிடைத்தாலும் அடுத்த மாதமே கட்டாருக்குப் பறந்துவிடுகிறவர்கள், இங்கே பட்டமும் திறமையுமாக வீட்டில் சும்மா இருந்தார்கள். கொழும்பில் தனியாகத் தங்கி வேலை செய்ய வீட்டில் விடாத பெண்பிள்ளைகள் அவர்கள். எங்கள் ஊரான கல்முனையில் வேலை என்றதும் மறுநாளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

என் தொழில் பொதி உறைகள் வடிவமைப்பது. மிளகாய்த்தூள், தேயிலை, பிஸ்கட், சவர்க்காரம் என்று கடையில் நீங்கள் கையில் எடுத்துப் பார்க்கும் பக்கெட்டின் நிறமும் எழுத்தும் படமும் எங்களைப் போன்றவர்களிடமிருந்துதான் போகின்றன. அதற்கு வேண்டியது கணினியும் ஒழுங்கான இணையமும். அது கடலுக்குப் பக்கத்தில் இருந்தாலென்ன, கொழும்புக் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தாலென்ன? ஆனாலும் இத்தனை நன்மைகளையும் ஒரு வருடத்துக்கு மேலாக நான் களவாகத்தான் அனுபவித்தேன். நான் கல்முனைக்கு வந்துவிட்டது கொழும்பில் என்னிடம் வேலை தந்த ஒருவருக்கும் தெரியாது. நான் தெரியவிடவில்லை.

காரணம் வெட்கம். வேறு பெரிய காரணம் சொன்னால் அது பொய். நாடு நெருக்கடியில் கிடந்த பெற்றோல் வரிசைகளின் காலத்தில் எங்கள் தொழிலில் இருந்த ஓரிருவர் கொழும்பை விட்டுச் சொந்த ஊருக்குப் போனார்கள். அப்போது நாங்கள் பால் விடாத பிளேன்டியைக் குடித்துக்கொண்டு, "பாவம், ஆள் படுத்துட்டார்" என்று பேசினோம். அதை மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னவன் நான். ஊருக்குப் போகிறவன் தோற்றவன் என்று எனக்கு அவ்வளவு உறுதி. பிறகு என் வாடகை ஏறி, வேலையாட்கள் போய், நானும் பெட்டி கட்டியபோது, அந்தப் பேச்சுத்தான் என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஊரிலும் எனக்கொரு பெயர் இருந்தது. கலியாண வீடுகளில் மாமா, அதாவது என் மனைவியின் வாப்பா, என்னைப் புதிய ஆட்களுக்கு அறிமுகம் செய்யும்போது, "எண்ட மருமகன், கொழும்புல கந்தோர் வெச்சிரிக்கார்" என்றுதான் சொல்வார். அதைக் கேட்க எனக்கு மிகவும் பிடிக்கும். இனி அவர் எப்படிச் சொல்வார் என்று நினைத்தாலே முகம் சுண்டிவிடும்.

மாமாவுக்கு அந்தக் கவலையே இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு. பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்து தகப்பன் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவார். மாமா வயல் செய்கிறவர். ஒவ்வொரு போகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீட்டை என் மனைவிக்குக் கொடுத்துவிட்டு, அவரும் மாமியும் பின்பக்கத்து இரண்டு அறைகளுக்குள் போய்விட்டார்கள். பிறகு எனக்கு மகள் பிறந்ததும் மறுபடி தொடங்கி, அவளுக்கென்று மேல்மாடியை எழுப்பினார். நான் வெள்ளவத்தை அறையை விடப்போகிறேன் என்று மனைவி சொன்ன அன்று மாலையே அவர் எனக்கு அழைப்பு எடுத்தார்.

"மேல சும்மாதானே கிடக்கு மகன். புள்ள பெரிசாகிக் கலியாணம் முடிக்க இன்னும் எவ்வளவு காலம் கிடக்கு. அதுல கந்தோரப் போடுங்க" என்றார்.

நான் வந்து சேர்வதற்குள் தரைக்கு மாபிள் பதித்து, சுவருக்கு வெள்ளை பூசி, வயர் இழுக்கிறவரைக் கூட்டிவந்து எல்லா மூலையிலும் பிளக் வைத்திருந்தார். குளிரூட்டியும் பூட்டியாகிவிட்டது. கந்தோரைத் திறந்த கிழமையில் ஒரு நாள் அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டு, முச்சக்கர வண்டியில் ஒரு பெரிய பெயர்ப் பலகையைப் பாதி தன் மடியிலும் பாதி வீதியிலுமாகப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். கந்தோரின் பெயருக்குக் கீழே, அதைவிடத் தடித்த எழுத்தில், 'கல்முனை' என்று இருந்தது. அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. எனக்கு ஓர் அதிசயம் காட்ட நினைத்திருக்கிறார்.

"மாமா, இத இப்ப போட வேணாம்" என்றேன்.

"ஏன் மகன், எழுத்துப் பிழையா?"

"எழுத்தெல்லாம் சரி. நாம இங்க வந்தது கொழும்பு ஆக்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா வேலை தர மாட்டாங்க. வெள்ளவத்தைல இரிக்கிற மாதிரித்தான் நான் அவங்களோட கதைக்கிற."

அவர் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாம களவு ஒண்டும் செய்யல்லயே மகன்" என்றார். பிறகு, "சரி, உங்கட தொழில் உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிப் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். தூசு படாமல் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் போட்டவரும் அவர்தான்.

பொய் சொல்வது பெரிய வேலை. அதற்குத் தனியாக ஒரு ஆளை வைத்திருக்கலாம். மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் போனில் கேட்டுவிடும் என்று கடல் காற்று வரும் ஜன்னல்களை எல்லாம் அடைத்தேன். தபால்கள் வெள்ளவத்தை விலாசத்துக்கே வந்தன. அங்கே கடை வைத்திருக்கும் ஒரு கூட்டாளி அவற்றை எடுத்து பஸ்ஸில் அனுப்புவான். வாடிக்கையாளரைச் சந்திக்க வேண்டிய நாட்களில், இரவு பஸ்ஸில் வந்து விடியப் புறக்கோட்டையில் இறங்கி, பள்ளியில் முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு அவர்களின் வாசலில் போய் நிற்பேன். "காலி வீதியில இண்டைக்கு ஒரே நெரிசல்" என்று அலுத்துக்கொள்ளவும் செய்வேன். நாடு முழுவதையும் குறுக்கே கடந்து வந்தவன், வெள்ளவத்தையிலிருந்து வந்த களைப்பை நடித்தேன்.

வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்தேன். ஊர்ப் பேச்சு எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும், போனில் 'ஓம்' என்று சொல்லக் கூடாது, 'ஆமா' என்று சொல்ல வேண்டும், 'கதைக்கிறேன்' என்று வரக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். பக்கத்து ஊரான காரைதீவிலிருந்து வரும் பிள்ளை சிரித்துவிட்டாள்.

"ஓம் எண்டு சொன்னா கலர் மாறிப்போகுமா சேர்?" என்றாள்.

மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இது தொழில், விளையாட்டில்லை என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னேன். அதன் பிறகு அவர்கள் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டார்கள். தங்கள் வாயில் வரும் பேச்சு ஏதோ அழுக்கு என்பது போல நான் நடந்துகொண்டதாக அவர்கள் நினைத்திருந்தால், அது பிழையில்லை.

நான் ஆகப் பயந்தது ஒரு ஹாஜியாருக்கு. கொழும்பில் தேயிலையும் வாசனைச் சரக்கும் பொதி செய்து நாடெங்கும் அனுப்புகிறவர். என் முதல் வாடிக்கையாளர், ஆகப் பெரிய வாடிக்கையாளரும் அவர்தான். அவர் போனால் கந்தோரில் பாதி போய்விடும், அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரும் போகவேண்டி வரும். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஆறுதலாக உட்கார்ந்து போன் எடுப்பது அவர் வழக்கம். ஒவ்வொரு எழுத்தையும் பற்றிப் பேசுவார். தேயிலைக் கொழுந்தின் பச்சை கூடிப்போனால் கவலைப்படுவார். அவருடைய போன் வந்தால் நான் கதவையும் அடைத்துக்கொள்வேன்.

நோன்பு வந்தது. எங்களூர் கிழக்குக் கரையில் இருப்பதால் சூரியன் எங்களுக்கு முந்தி மறையும். கொழும்பில் நோன்பு துறக்கும் பாங்கு சொல்ல ஏழெட்டு நிமிடம் இருக்கும்போதே எங்கள் பள்ளிகளில் சொல்லிவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து தெரிந்த சங்கதி. வானொலியில் கொழும்புக்குப் பாங்கு சொல்லும்போது நாங்கள் இரண்டாவது கோப்பைக் கஞ்சியில் இருப்போம். ஆனால் பொய்யனுக்கு எல்லாம் ஞாபகத்தில் இருப்பதில்லை.

அன்று ஹாஜியாரின் போன் நீண்டுவிட்டது. பெருநாளைக்கு வரவேண்டிய புதிய தேயிலைப் பக்கெட் பற்றிய பேச்சு. பிள்ளைகள் எல்லாம் வேளைக்கே வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் கீழே வரக் காணோம் என்று மாமா ஒரு தட்டில் கஞ்சியும் பேரீத்தம்பழமும் எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். அவர் கதவைத் திறக்கவும், அடுத்த தெருவில் பள்ளியின் ஒலிபெருக்கியில் பாங்கு தொடங்கவும் சரியாக இருந்தது. ஜன்னல் அடைத்துத்தான் இருந்தது. ஆனாலும் பாங்கு கண்ணாடியைத் தாண்டி வந்தது.

"எனத்த மகன், அங்க பாங்கு கேக்குது போல?" என்றார் ஹாஜியார்.

"இல்ல ஹாஜியார், அது... கீழ கடைல டீவீ. இங்க இன்னும் பாங்கு சொல்லல்ல" என்றேன்.

மாமா எனக்கு முன்னால் நின்றார். பேரீத்தம்பழத்தை எடுத்து என் கையில் வைத்து, வாயில் போடுங்கள் என்று சைகை காட்டினார். நேரம் வந்தபின் நோன்பு துறப்பதைப் பிற்படுத்தக் கூடாது என்பது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் தலையை ஆட்டி மறுத்தேன். ஹாஜியார் கொழுந்தின் பச்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பாங்கு முடிந்தது. தெரு அமைதியாகிவிட்டது. மாமா கீழே போய்த் தன் நோன்பைத் துறந்திருக்கலாம். போகவில்லை. வயல் வேலை செய்து வந்த உடம்பு. நான் வாயில் போடும் வரைக்கும் தானும் வாயில் போடாமல், தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில், "ஆ, இப்பதான் பாங்கு செல்றாங்க. நோன்ப துறங்கோ மகன்" என்று ஹாஜியார் போனை வைத்தார்.

பகலெல்லாம் பட்டினி கிடந்து காத்த நோன்பை, கடைசி நிமிடத்தில் பொய்யாலும் பயத்தாலும் நானே அசிங்கப்படுத்தினேன். படைத்தவனுக்குப் பயப்பட வேண்டிய நேரத்தில் ஒரு தேயிலை வியாபாரிக்குப் பயந்தேன். மாமா ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"கஞ்சி ஆறிட்டு மகன். சூடாக்கிக் கொண்டு வரச் சொல்லவா?" என்றுதான் கேட்டார்.

பெருநாள் முடிந்து சில கிழமை போயிருக்கும். ஒரு பகல் பொழுது, கந்தோரில் எல்லோரும் வேலையில் இருந்தோம். எங்கள் கேட்டுக்கு முன்னால் ஒரு வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல் ஸலாம் சொன்னது. எழும்பி ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். ஹாஜியார். வேனுக்குள் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். பொத்துவில் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் போலிருந்தது. மாமா கேட்டடியில் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் படிக்கட்டுக்கு ஓடினேன். இரண்டு படி இறங்கினேன். அதற்கு மேல் கால் இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கேட்டில் பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்டது.

"பக்கெட் டிசைன் செய்ற தம்பிட வூடு இதானே? பஸார்ல கேட்டுக்கொண்டு வந்த" என்றார் ஹாஜியார்.

"ஓம், இதான். எண்ட மருமகன்தான்" என்றார் மாமா. குரலில் வழக்கமான பெருமை. பிறகு வந்தவர் யார், எங்கிருந்து வருகிறார் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். குரல் இறங்கியது. "ஆனா அவர் இங்க இல்ல. கொழும்புலதான். கந்தோர் வெள்ளவத்தைல."

"எப்ப வருவார்?"

"பெருநாளைக்கு வந்திட்டுப் போனவர். இனி ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான் வருவார்."

அவர்களின் தலைக்கு மேலே குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. அச்சு இயந்திரம் கடகடவென்று ஒரு தாளைத் தள்ளியது. கேட்டுக்குள்ளே என் மோட்டார் சைக்கிளும் பிள்ளைகளின் செருப்புகளும் இருந்தன. இதெல்லாம் ஹாஜியாரின் கண்ணுக்கு முன்னால். என் மாமா, கேட்டடிக்கு வந்த ஒருவரைத் தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்பியதை நான் கண்டதில்லை. சந்தா கேட்டு வருகிறவர், மின்மானி பார்க்க வருகிறவர், வழி தவறி வருகிறவர், எல்லோருக்கும் தேத்தண்ணி உண்டு. அப்படிப்பட்டவர், தூரத்திலிருந்து பெண்களும் குழந்தைகளுமாக வந்தவரை வீட்டுக்குள் கூப்பிடாமல் கேட்டில் வைத்துப் பேசினார். "உள்ள..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். கூப்பிட்டால் என் பொய் உடைந்துவிடும். அந்த இரண்டாவது படியில் நின்றுகொண்டு, அவர் அப்படி நிறுத்தியதற்காக நான் நிம்மதிப்பட்டேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

"இத அவருக்கு குடுங்கோ. மக்காவுக்கு உம்ரா போன நேரம் கொண்டுவந்த" என்று ஹாஜியார் ஒரு பொதியைக் கொடுப்பது கேட்டது. ஸலாம் சொன்னார். வேன் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரைதீவுப் பிள்ளைதான் முதலில் பார்வையைக் கணினிக்குத் திருப்பினாள்.

மாமா உள்ளே வந்தார். படிக்கட்டில் என்னைக் கண்டதும் பொதியை நீட்டினார்.

"நான் சொன்னது சரிதானே மகன்?" என்றார்.

பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை கேட்பது போலக் கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சரிதான் மாமா" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். போகும்போது, "புள்ள குட்டியோட வந்த மனுசன். தேத்தண்ணி ஒண்டும் குடுக்கல்ல" என்று தனக்குத்தானே சொன்னார்.

அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஹாஜியாருக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கல்முனையில் இருக்கிறேன், வந்து ஒரு வருடத்துக்கு மேல், நீங்கள் வந்தபோது மேலேதான் நின்றேன் என்றேன்.

"எனக்கி தெரியும் மகன்" என்றார். "நோன்புல அன்டைக்கி பாங்கு கேட்டிச்சே. கொழும்புல எந்தப் பள்ளில அவ்வளவு முந்தி பாங்கு செல்ற? ஒங்கட ஊர் கல்முனன்டும் தெரியும்தானே. வேல நல்லா ஈந்திச்சி. எங்க ஈந்து செஞ்சா எனக்கு எனத்த? இந்தப் பக்கம் வந்த நேரம் ஒருக்கா பாத்திட்டு போவம்னுதான் வந்த."

பிறகு அவரே சொன்னார்: "ஒங்கட மாமா மிச்சம் நல்ல மனுசன். அவருக்கு பொய் செல்லிப் பழக்கமில்ல. என்ட முகத்த பாக்காம, கையில ஈந்த தண்ணிக் குழாய பாத்துக்கொண்டு செல்றார். பாக்க பாவமா ஈந்திச்சி."

அவர் வேலையை நிறுத்தவில்லை. கூட்டித்தான் தந்தார். அவர் கோபித்து வேறிடம் போயிருந்தால் என் பயத்துக்காவது ஒரு நியாயம் கிடைத்திருக்கும். அதுவும் கிடைக்கவில்லை. யாரும் கேட்காத பொய்யை ஒரு வருடம் காவல் காத்திருக்கிறேன். அதற்காக மாமா போன்ற ஒரு பெரிய மனிதரைக் கேட்டில் நிறுத்திப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன்.

மறுநாள் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் சொன்னேன். ஒருவர் மட்டும் வேறிடம் போனார். மற்றவர்கள், "அப்ப இனி நல்ல மீன் கிடைக்கும், எங்களுக்கும் அனுப்புங்க" என்று பகிடி விட்டார்கள். ஜன்னல்களைத் திறந்தேன். போனில் எப்படி வேண்டுமானாலும் கதையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் 'ஓம் சேர்' என்றார்கள். விரிப்பை நீக்கிப் பெயர்ப் பலகையை நானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, கேட்டுக்கு மேலே பூட்டுவித்தேன். மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, நான் செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்குங்க. இனி ஆர் கேட்டாலும் இங்கதான் எண்டு சொல்லுங்க" என்றேன்.

"அது என்னத்துக்கு மகன் மன்னிப்பு? தொழிலுக்குத்தானே செஞ்ச" என்றார். ஹாஜியாருக்குத் தெரியும் என்பதைச் சொன்னபோது மட்டும் அவருடைய முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "அப்ப நான் பொய்யன் எண்டு நினைச்சிருப்பாரே" என்றார். இல்லை, நல்ல மனிதர் என்றுதான் சொன்னார் என்றேன். அவர் நம்பினாரா தெரியாது.

இப்போது கொழும்பை விட்டு வர நினைக்கும் பலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். வாடகை, ஆட்கள், நேரம், நிம்மதி என்று எல்லா நன்மைகளையும் சொல்கிறேன். ஒன்றும் கூட்டிச் சொல்வதில்லை. எல்லாம் உண்மை. வாருங்கள், வெட்கப்படாமல் வாருங்கள் என்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். அவர்கள் அதைச் சும்மா ஒரு உபசாரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

போன கிழமை ஒரு பொதி கொடுப்பதற்காக மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். புதியவர். மாமா கேட்டில் நின்றார். நான் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கந்தோர் இங்கதானே?" என்று வந்தவர் கேட்டார்.

பெயர்ப் பலகை மாமாவின் தலைக்கு மேலேதான் தொங்கியது. தடித்த எழுத்தில் ஊரின் பெயர். அது அவர் கட்டிய வீடு, அவர் வாங்கி வந்த பலகை. அவர் உடனே பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைத் தேடினார். படிக்கட்டில் கண்டதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு என்னவென்று விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும், சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினேன்.

அதன் பிறகுதான் அவர் வந்தவரிடம் திரும்பி, "ஓம் தம்பி, இங்கதான்" என்றார்.